ஆறாவது துளையின் அளவு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் வெயில் முப்பத்திரண்டு டிகிரியைத் தொட்டுவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடி வீட்டில், மின்விசிறியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, யாமினி ஒரு ஏரியின் பனிக்கட்டி எத்தனை அங்குலம் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏரி அமெரிக்காவில், மேடிசன் என்னும் ஊரில் இருந்தது. அங்கே இன்னும் வெள்ளிக்கிழமைதான். மாலை நான்கு மணி. அவளுடைய தோழி வர்ஷா அந்த உறைந்த ஏரியின் மேல் நடந்து போய், ஆறு இடங்களில் துளையிட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் அளவு டேப்பை இறக்கிப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கடைசிப் படத்துக்குக் கீழே ஒரு வரி: "ஆறு மணிக்குள்ள சொல்லுடி. சரின்னா நாளைக்குக் காலைல தக்காளிய இறக்கறேன்."

தக்காளி என்பது அவர்கள் இருவருக்கும் சொந்தமான ஐஸ் படகு. பன்னிரண்டு அடி நீளத்தில், ஒரு ஆள் மல்லாந்து படுக்கிற அளவுக்கு ஒரு மரக்கூடு. குறுக்கே ஒரு பலகை. அடியில் சறுக்குவதற்கு மூன்று இரும்புக் கத்திகள். மேலே ஒரு பாய். காற்று பிடித்துக்கொண்டால் உறைந்த ஏரியின் மேல் அது அந்தக் காற்றைவிட மூன்று மடங்கு வேகமாகப் போகும். பிரேக் கிடையாது. சிவப்புச் சாயம் அடித்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது. பக்கவாட்டில் தமிழில் எழுதியும் வைத்திருந்தார்கள். இது என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம் வர்ஷா அது ஒரு போர்த்தெய்வத்தின் பெயர் என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தக்காளியை விலைக்கு வாங்கியவர் எடுத்துப் போக வருகிறார். அடுத்த வாரம் வர்ஷா வேலை மாறி டெக்ஸாஸுக்குப் போகிறாள். அங்கே ஏரி உறைவதில்லை. ஆக, மேடிசனில் சனிக்கிழமை காலைதான் கடைசி ஓட்டம். அது நடக்குமா நடக்காதா என்பதை யாமினி சொல்ல வேண்டும். சிட்னி நேரம் பதினொரு மணிக்குள்.

ஓட்டுகிறவள் முடிவு சொல்லக் கூடாது. இது அவர்கள் இருவருக்குள்ளும் இருந்த சட்டம். படகு வாங்கிய முதல் குளிர்காலத்தில், டிசம்பரிலேயே வர்ஷாவுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் கெட்டியாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கரையிலிருந்து பத்தடி போனாள். வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. காலை இழுத்தபோது பூட்ஸ் வரவில்லை. அன்றைக்கு இருவரும் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு வர்ஷா நடுங்கிக்கொண்டே சிரிக்க, யாமினி சிரிக்காமல் ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் அந்தச் சட்டத்தை எழுதினாள். வேண்டும் என்கிற மனசு அளவெடுக்கக் கூடாது. அன்றைக்கு யார் ஓட்டுகிறாளோ அவள் கரையில் நிற்பாள். மற்றவள் கடப்பாரையும் டேப்பும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து "சரி" அல்லது "வேண்டாம்" என்று சொல்வாள். எதிர்க்கேள்வி கிடையாது.

நாளாக ஆக, பார்க்கிற வேலை முழுக்க யாமினியிடம் வந்து சேர்ந்தது. ஓட்டுவதைவிட அதுதான் அவளுக்குப் பொருந்தியது. அவள் எதையும் இரண்டு தடவை எண்ணுவாள். எண்ணியபின் முதல் தடவைதான் சரியோ என்று சந்தேகப்படுவாள். நாலு அங்குலத்துக்குக் குறைந்தால் கிடையாது. கறுப்பாக, கண்ணாடி மாதிரி இருக்கிற ஐஸ்தான் முழுக்கணக்கு; மேலே வெள்ளையாக இருப்பது உருகி மறுபடி உறைந்த பனி, அதற்குப் பாதிக் கணக்கு. ஓடை வந்து சேரும் வாய்க்குப் பக்கத்தில் போகவே கூடாது. ஏரியின் குறுக்கே ஐஸ் ஒன்றோடொன்று முட்டி வரப்பு மாதிரி எழும்பியிருந்தால், அந்த வரப்பு நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் நோட்டில் இருந்தன.

அமெரிக்க வேலை விசாவுக்கான குலுக்கலில் மூன்று வருடமும் பெயர் வராமல் போனபோது யாமினி சிட்னிக்குக் கிளம்பினாள். நோட்டும் கூடவே வந்தது. முதல் குளிர்காலத்தில் வர்ஷா போன் செய்து, "நீ இல்லாம யாரு சொல்றது, படம் அனுப்பறேன், நீயே சொல்லு" என்றாள். இப்படி மூன்று குளிர்காலங்கள் ஓடிவிட்டன. அங்கே ஐஸ் பிடிக்கும்போது இங்கே கொளுத்தும். பரமட்டா அலுவலகத்தில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வரப்புகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் இந்த வருடம் அவளுக்கு அந்த ஏரியின் ஏக்கம் இன்னும் கூடியிருந்தது. பிப்ரவரி கடைசி என்றாலே அப்படித்தான். குளிர்காலத்தின் நடுவில் ஏரி முழுக்கப் பனி மூடிக் கிடக்கும், படகு நகராது. பிப்ரவரி கடைசியில்தான் வெயில் நீண்டு, பனி உருகி, இரவில் திரும்பவும் உறைந்து, விடிகிறபோது ஏரி தேய்த்து வைத்த கருங்கல் தளம் மாதிரி கிடக்கும். காலை எட்டு மணிக்கு அதன்மேல் போய் நின்றால் அடியில் எங்கோ ஐஸ் விரிந்து, நீளமாக ஒரு ஓசை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடும். முதல்முறை கேட்டவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள். யாமினிக்கு அதைக் கேட்டால் ஒரு தைரியம். உறுதியான ஐஸ்தான் அப்படிச் சத்தம் போடும். அப்புறம் ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம். கையுறையைக் கழற்றாமல் மூடியைத் திறக்க வர்ஷா படும் பாடு. பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற, ஐஸின் மேல்தோல் லேசாக ஈரமாகி மினுங்கும். அப்போது எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட வேண்டும். அந்த இரண்டு மணிநேரம். அதற்காகத்தான் மற்ற நாலு மாதமும்.

போன மாதம் அவள் ஒரு போன் கிளிப் வாங்கி மேடிசனுக்கு அனுப்பினாள். பாய்மரத்தின் அடியில் மாட்டி வைத்தால், வர்ஷா ஓட்டும்போது இங்கிருந்தே நேரலையாகப் பார்க்கலாம். விழித்திருந்து பார்ப்பது என்று முடிவும் செய்திருந்தாள்.

கதவில் சாவி திரும்பியது. இரவு ஷிஃப்ட் முடித்து வீட்டுத் தோழி சுஜீவா வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ், யாமினியைவிட ஐந்து வயது மூத்தவள். கையில் ஸ்டேஷன் கடை ரோல்ஸ் பொதி. அதை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்தாள்.

"இந்த வெக்கையில என்ன பிள்ளை எழுதுறீர்?"

"ஐஸ் ரிப்போர்ட், அக்கா. நாளைக்குக் கடைசி நாள்."

"ஓ, உந்தப் பனிக்கப்பல். இன்னும் உது முடியேல்லையோ?" ரோல் ஒன்றை எடுத்துக் கடித்தாள். "முடிவு என்ன?"

"சரின்னுதான் போட்டிருக்கேன். எதுவும் நாலுக்குக் கொறயல."

"அப்ப ஏன் இன்னும் அனுப்பேல்லை?"

"சரி" என்று எழுதி இருபது நிமிடம் ஆகிவிட்டது. எழுதியதை மூன்று தடவை படித்துவிட்டாள். தப்பு எதுவும் தெரியவில்லை. அனுப்பவும் கை வரவில்லை.

சுஜீவா ஒரு கையில் ரோலோடு, மற்றக் கையால் யாமினியின் போனை எடுத்தாள். ஷிஃப்ட் மாறும்போது முன்னவர் எழுதி வைத்ததையும் நோயாளியையும் மாறி மாறிப் பார்ப்பது அவளுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். அதே கண்ணோடு படத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், படத்தைத் தள்ளினாள், நோட்டைப் பார்த்தாள்.

"இது அஞ்சாவது ஓட்டையோ?"

"ஆமா."

"டேப்பில நாலே கால் எண்டு நிக்குது. நீர் நாலரை எண்டு எழுதியிருக்கிறீர்."

"கிட்டத்தட்ட நாலரைதானே அக்கா."

"ம். மேல வெள்ளையாக் கிடக்கிறது எவ்வளவு?"

"ஒண்ணு."

"எனக்கெண்டா ஒண்டே கால் மாதிரித் தெரியுது. சரி, விடுவம். காத்து?"

யாமினி வானிலைப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். மணிக்குப் பதினேழு மைல் என்று இருந்தது. நோட்டில் பதினைந்து என்று இருந்தது. இரவுக் குளிர் மைனஸ் மூன்று என்று இருந்தது. நோட்டில் மைனஸ் நான்கு.

"அது இன்னொரு சைட்ல நாலுன்னு போட்டிருந்தான்," என்றாள் யாமினி.

சுஜீவா நோட்டை மேசையில் வைத்தாள். "எங்கட வார்டில முந்தி ஒரு பிள்ளை வேலை செய்தவ. நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. ஆனா ஆருக்கு மூச்சு எண்ணச் சொன்னாலும் பதினெட்டு எண்டுதான் எழுதுவா. எல்லாரும் சுகமா இருக்கோணும் எண்ட ஆசையில. உம்மட நம்பர் நாலும் ஏன் பிள்ளை ஒரே பக்கமாச் சரியுது?"

யாமினி நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நாலு இடம். ஒவ்வொன்றும் கால், ஒன்று, இரண்டு என்று சின்னச் சின்னத் திருத்தம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சந்தேகம் வந்தால் குறைத்துத்தான் எழுத வேண்டும் என்று அவளே முதல் வருடம் பச்சை மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். இன்றைக்கு நாலும் படகுக்குச் சாதகமாகப் போயிருந்தன. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. செய்ததே அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இன்னொண்டு," என்றாள் சுஜீவா. "கடைசி ஓட்டையில டேப் நேர நிக்கேல்லை. சரிஞ்சு கிடக்கு. சரிச்சுப் பிடிச்சா நீளமாத்தானே காட்டும்?"

யாமினி படத்தைப் பெரிதாக்கினாள். ஆறாவது துளை, ஏரியின் நடுவிலிருந்து கிழக்குக் கரைக்குத் திரும்புகிற இடம். டேப் நாலே கால் காட்டியது. துளையின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குச் சாய்வாக இறங்கியிருந்தது. ஐந்து குளிர்காலம் அவளோடு அளந்தவள் வர்ஷா. டேப்பை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியும்.

"தெரிஞ்சே செய்திருப்பாளோ?" என்றாள் சுஜீவா.

"அவளுக்கும் தெரிஞ்சிருக்காது அக்கா. என்னை மாதிரியே."

மணி பத்தேகால். யாமினி போனை எடுத்து அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே வர்ஷா எடுத்துவிட்டாள். பின்னணியில் ஏதோ உலோகம் உரசும் சத்தம்; படகின் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சரிதான? பக்கத்து வீட்டுப் பிரசன்னாகிட்ட படக இழுத்துட்டு வர டிரெய்லர் கேட்டு வச்சுட்டேன். காலைல ஏழு மணிக்கு வந்து நிப்பான்."

"இரு வர்ஷா. சுஜீவா அக்காவும் படத்தப் பாத்தாங்க."

"யாரு, அந்த நர்ஸ் அக்காவா? ஏண்டி, அவங்களுக்கு ஐஸ்னா பலூடால போடறதுதான தெரியும்."

"வணக்கம் தங்கச்சி," என்றாள் சுஜீவா. "ஸ்பீக்கரில கிடக்கு."

உரசும் சத்தம் நின்றது. "ஐயோ, சாரி அக்கா."

"பரவாயில்லை. பலூடா எனக்கு விருப்பம்தான். நான் ஒண்டு கேக்கட்டே? ஆறாவதில டேப் ஏன் சரிஞ்சு கிடக்கு?"

"அது காத்து, அக்கா. செம காத்து இங்க."

"இரும்பு டேப்பைச் சரிக்கிற காத்தெண்டா, அதில நீர் படகு விடப்படாது பிள்ளை."

வர்ஷா சிரிப்பாள் என்று யாமினி எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"யாமினி, நீ சொல்லு. அவங்கள விடு."

"நான் சொல்லக் கூடாதுடி."

"ஏன்? நீ கரைல இருக்கறவதான. உனக்கும் ஏரிக்கும் நடுவுல ஒரு கடலே இருக்கு. உன்ன விடக் கரைல இருக்கறவ யாரு?"

"நாலு எடத்துல தப்பா எழுதியிருக்கேன் வர்ஷா. நாலும் நீ ஓட்டணும்னு எழுதினது. நாலே கால நாலரைன்னு போட்டிருக்கேன். காத்தக் கொறச்சுப் போட்டிருக்கேன். எனக்கு அந்த வீடியோ வேணும். அந்தச் சத்தம் கேக்கணும். ஒரு மாசமா அதான் நெனப்பு. நானும் ஓட்டறவதான் இந்தத் தடவ."

"அப்ப யாருதான் சொல்றது?"

"என்னைக் கேட்டா வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்," என்றாள் சுஜீவா. "எனக்கு உதில ஒரு ஆசையும் இல்லை."

"அக்கா, உங்களுக்கு இந்த ஏரியத் தெரியாது."

"ஓம், தெரியாது. தெரிஞ்ச ரெண்டு பேரும் என்ன செய்தனீங்கள் எண்டு இப்ப பாத்தம்தானே."

வர்ஷா பெருமூச்சு விட்டாள். மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "யாமினி. அஞ்சு நிமிஷம். ஒரே ஒரு தடவ, மேற்குப் பக்கமா மட்டும் போயிட்டு வந்துடறேன். அங்க அஞ்சு அங்குலம் இருக்கு, நீயே பாத்த. இதுக்கப்புறம் கிடையாதுடி. எனக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது. அக்கா சொல்றது கணக்கில்ல. நீ உன் வாயால சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

மேற்குப் பக்கம் ஐந்து அங்குலம் இருந்தது உண்மை. ஆனால் பிரேக் இல்லாத படகுக்கு மேற்கு என்றும் கிழக்கு என்றும் கிடையாது. மேற்கிலிருந்து ஒரு வீச்சு காற்று வந்தால் அரை நிமிடத்தில் ஆறாவது துளையின் மேல் இருப்பாள். இதை யாமினி எண்ணியபோதே, இன்னொரு பக்கம் சிவப்புக் கூடு கறுப்பு ஐஸின் மேல் சாய்ந்து ஒரு கத்தி அந்தரத்தில் எழும்ப விரைவதும் தெரிந்தது. உள்ளே வர்ஷா மல்லாந்து கிடக்கிறாள். முகமெல்லாம் பனித்தூள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அவளுக்கே அது தெரியும்.

"வேண்டாம் வர்ஷா."

"சரி, வை," என்றாள் வர்ஷா. போன் அணைந்தது.

சுஜீவா எழுந்து, ரோல்ஸ் பொதியை யாமினியின் பக்கமாகத் தள்ளிவிட்டு, "சாப்பிடும்," என்று சொல்லிப் படுக்கப் போனாள்.

அன்று பகல் முப்பத்தெட்டு டிகிரி. யாமினி திரைச்சீலைகளை இழுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். மூன்றாவதாக ஒரு வானிலைப் பக்கத்தைப் பார்த்தாள். அதில் மைனஸ் ஐந்து. அப்படியென்றால் சரி என்று சொல்லியிருக்கலாமோ. நாலாவதாக ஒன்றைப் பார்த்தாள், மைனஸ் இரண்டு. போனைக் கவிழ்த்து வைத்தாள். வர்ஷாவுக்கு இரண்டு செய்தி எழுதி இரண்டையும் அழித்தாள். சாயந்தரம் சுஜீவா எழுந்து தேத்தண்ணி போட்டபோது, "என்ன, இன்னும் அந்த ஏரியிலதான் நிக்கிறீரோ?" என்று கேட்டாள். யாமினி ஆமாம் என்று தலையாட்டினாள். இரவு விழித்திருக்க அவசியம் இல்லை என்பதால் சீக்கிரம் படுத்துத் தூங்கியும்விட்டாள்.

ஞாயிறு காலை ஆறரைக்கு, மேடிசனில் சனி மதியம் ஒன்றரைக்கு, விழித்ததும் முதல் வேலையாக ஏரிக் கேமராவைத் திறந்தாள். கரையோரக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்த கேமரா அது; அன்றைய காலையை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். மேடிசனில் விடிகிறது. ஏரி மெல்ல வெளிறி, நீலமாகி, பிறகு பளீரென்று ஆகிறது. எட்டேகாலுக்கு ஒரு பாய். எட்டரைக்கு இன்னொன்று. ஒன்பதுக்குள் மூன்றாகிவிட்டன. இங்கிருந்து பார்க்க அவை விரல் நகத்தின் அளவுகூட இல்லை. மேற்கே போயின, திரும்பின, கிழக்கே போயின. ஆறாவது துளை இருந்த இடத்தைக் கடந்தன. ஒருமுறை இல்லை, ஏழெட்டு முறை. பத்தரைக்கு மூன்றும் கரைக்கு வந்து சேர்ந்தன.

சிவப்புப் படகு அவற்றில் இல்லை.

யாமினி இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மூன்றுதான். மூவரும் பத்திரம். தனக்கு வந்தது நிம்மதியா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அப்போது போன் அடித்தது.

"பாத்தியா?" என்றாள் வர்ஷா.

"பாத்தேன்."

"மூணு பேர் ஓட்டினாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆமா."

"நீ தப்பா சொல்லிட்ட."

"இருக்கலாம்," என்றாள் யாமினி.

போனில் காற்று இரைந்தது. வர்ஷா வெளியில் எங்கோ இருக்கிறாள். "நான் இங்கதான் இருக்கேன். காலைல ஆறு மணிக்கே கொண்டுவந்து, எல்லாம் பூட்டி, பாயும் ஏத்திட்டேன். பிரசன்னா கேட்டான், போறியான்னு. கயிறு கைலதான் இருந்துது. உனக்குத் தெரியப்போறதில்ல. கேமராவுல பாத்தாகூட, மேற்கு மூலைல கொஞ்ச தூரம் போனா தெரியாது."

"அப்புறம்?"

"போகல. ரொம்பக் கோவமா இருந்துது உன்மேல. அந்த அக்காமேல இன்னும் ஜாஸ்தி. சரி, கோவம் எறங்கட்டும்னு படகுப் பக்கத்துலயே உக்காந்தேன். ரசம் வேற கொண்டுவந்திருந்தேன். மூணு பேரும் போறதையும் வர்றதையும் பாத்துட்டே இருந்தேன். ஏய், நோட்டு பக்கத்துல இருக்கா?"

"இருக்கு."

"நீ இங்க இருந்தப்ப மொத்தம் எத்தன நாள்டி ஓட்டினோம்? அஞ்சு வருஷத்துல?"

யாமினி பக்கங்களைப் புரட்டினாள். "சரி" என்று முடிந்த பக்கங்களை எண்ணினாள். வழக்கம்போல இரண்டாவது தடவையும் எண்ணினாள். "பதினொண்ணு."

"அவ்வளவுதானா?"

"பதினொண்ணுதான். 'வேண்டாம்' எழுபதுக்கு மேல இருக்கு."

வர்ஷா சத்தமாகச் சிரித்தாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி. "எழுபது சனிக்கிழமை. நாம என்னதாண்டி பண்ணிட்டிருந்தோம் இங்க?"

"கரைல உக்காந்திருந்தோம்."

"உக்காந்து?"

"நீ உன் மேனேஜரத் திட்டுவ. நான் கேப்பேன். ரசம் காலியாகும். வீட்டுக்குப் போவோம்."

"ம்," என்றாள் வர்ஷா. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, குளிராகவும் இருக்கலாம். "இன்னிக்கும் அதான். திட்டறதுக்குத்தான் ஆள் இல்ல. பிரசன்னா வண்டிக்குள்ள தூங்கறான்."

சுஜீவா அறையிலிருந்து வந்து, யாரென்று கண்ணால் கேட்டாள். யாமினி போனைக் காட்டினாள். சுஜீவா குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். போகிறபோது போனுக்குக் கேட்கும்படி, "தங்கச்சி முழுசா இருக்கிறாவோ?" என்றாள்.

"முழுசா இருக்கேன் அக்கா," என்றது போன். "ரெண்டு பூட்ஸோட."

யாமினி படத்தோடு பேசும்படி மாற்றினாள். வர்ஷாவின் முகம் வந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, தொப்பி காதுவரை இழுத்து. பிறகு அவள் போனைத் திருப்பினாள். கரையின் பழுப்புப் புல்லில் தக்காளி நின்றது. பாய் காற்றில் படபடத்தது. அதற்குப் பின்னால் மதிய வெயிலில் ஏரி முழுக்க ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. இனி இன்றைக்கு யாரும் அதில் இறங்க மாட்டார்கள்.

"நாளைக்கு ஆள் வர்றான், எல்லாத்தையும் பிரிச்சு வைக்கணும்," என்றாள் வர்ஷா. "ஒத்தக் கையால பிரிச்சதே இல்ல நான். நீதான் அந்தப் பக்கம் பிடிச்சுப்ப. வேலை இருக்கா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை. ஒரு வேலையும் இல்ல."

"அப்ப இரு."

வர்ஷா பாய்மரத்தின் அடியில் இருந்த கிளிப்பில், யாமினி அனுப்பிய அதே கிளிப்பில், போனை மாட்டினாள். இப்போது யாமினிக்குப் படகின் உள்ளே இருந்து தெரிந்தது: சிவப்பு மரக்கூடு, கயிறு, வர்ஷாவின் கையுறைகள், அவற்றுக்கு அப்பால் வானம். சுஜீவா தேத்தண்ணிக் கோப்பையை யாமினியின் முன்னால் வைத்துவிட்டு, தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உதுதான் அந்தக் கப்பலோ? எங்கட வீட்டுக் கட்டில் இதைவிடப் பெருசு," என்றாள்.

"பாய முதல்ல எறக்கு," என்றாள் யாமினி.

"தெரியும்டி."

"கயிற மெதுவா விடு. போன தடவ மாதிரி மொத்தமா விட்டுடாத."

"தெரியும்னு சொன்னேன்ல."

சொன்னாளே தவிர வர்ஷா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று யாமினி சொல்லட்டும் என்று நின்றாள்.